பத்துக்கு ஆறு

ஆகஸ்ட் 2, புவனேஸ்வர்

முகாமுக்கு வந்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் கையில் ஒரு நோட்டைத் திணித்துவிட்டார்கள். தூக்கம் எப்படி, எங்கே வலி, மனசு எப்படி இருக்கிறது என்று தினமும் பத்துக்கு மார்க் போட்டுப் பிசியோவிடம் கொடுக்க வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் எட்டு போட்டுக் கொடுத்தேன். பதினொரு வருஷமாக எட்டுதான் போடுகிறேன். ஒன்பது போட்டால் சந்தேகப்படுவார்கள், ஏழு போட்டால் உட்கார வைத்து உயிரை வாங்குவார்கள்.

உண்மையை இந்த நோட்டில் எழுதிக்கொள்கிறேன், தமிழில். இங்கே இருக்கும் முப்பது பெண்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் என் அறைத்தோழி இசக்கியும்தான். அவள் வள்ளியூர்ப் பக்கம். கபடியிலிருந்து ரக்பிக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இருபது வயது. வந்ததிலிருந்து "யக்கா, யக்கா" என்று பின்னாலேயே சுற்றுகிறாள்.

படிவத்தில் "பிரிஸில்லா, வயது 29" என்று எழுதியதும் மேனேஜர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்க்கட்டும்.

நேற்று வியாசர்பாடியிலிருந்து சென்ட்ரல் போகும் வழியில் ஆட்டோக்காரருக்கு வழக்கம்போலப் பாடம். "ரக்பின்னா இன்னாம்மா?" ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் அண்ணே, ஏழு நிமிஷம் ஏழு நிமிஷமா மொத்தம் பதினாலு நிமிஷம், பந்து வச்சிருக்கவளப் பிடிச்சுச் சாய்க்கணும், பந்தைக் கையால பின்னாலதான் வீசணும். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார், "பின்னால வீசினா எப்டிம்மா முன்னால போவ?" இத்தனை வருஷத்தில் யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

ஆகஸ்ட் 3

இன்று மண்டை டெஸ்ட். பிசியோ பரூவா மேடம் பத்து வார்த்தைகளை இந்தியில் சொல்வார். கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கி. பிறகு கண்ணை மூடி ஒற்றைக்காலில். இன்று எடுக்கும் மார்க்தான் அடிப்படை. பிற்பாடு தலையில் அடிபட்டால் மறுபடியும் இதே டெஸ்ட் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குறைந்திருந்தால் பன்னிரண்டு நாள் களத்தில் கால் வைக்க முடியாது. பதினாறாம் தேதி பாங்காக் தொடருக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். நடுவில் பன்னிரண்டு நாள் போனால் பாங்காக்கும் போச்சு.

அதனால் பழைய ஆட்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். முதல் நாளே மந்தமாக இருந்துவிடுவது. பத்து வார்த்தையும் ஞாபகம் இருந்தது, நாலை விழுங்கிவிட்டு ஆறு சொன்னேன். ஒற்றைக்காலில் கொஞ்சம் ஆடினேன். பரூவா மேடம் ஆறு என்று குறித்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கு எப்போதும் புளித்த மோர் குடித்த முகம்.

வெளியே வந்து இசக்கிக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஏழோடு நிறுத்திவிட்டு வந்து நகத்தைக் கடித்தாள்.

"பொய் சொல்லுத மாதிரி இருக்குக்கா."

"பொய் இல்லடி, இதுவும் டிஃபென்ஸ்தான். கம்முனு இரு."

ஆகஸ்ட் 5

சாதம், பருப்பு, உருளைக்கிழங்கு. நேற்றும் அதே. நாளைக்கும் அதேதான், கேட்டுவிட்டேன்.

இன்று கோச் எங்கள் பழைய சங்கேத வார்த்தைகளைப் புதுப் பெண்களுக்கு நடத்தச் சொன்னார். எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் வைத்தது. எதிரணிக்குப் புரியக் கூடாது என்று தமிழில் வைத்தோம். "இட்லி" என்றால் கூட்டமாக நடுவிலேயே முட்டு. "தோசை" என்றால் பந்தை ஓரம் வரை பரப்பு. மணிப்பூர்ப் பெண் "டோசாய்" என்கிறாள், ஒடிசாப் பெண் "துசா" என்கிறாள். எப்படியோ கத்தினால் சரி. இந்த விளையாட்டில் நான் விட்டுவிட்டுப் போகப்போவது அது ஒன்றுதான் என்று சிரித்துக்கொண்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

இதுவரை இந்தியாவுக்காக நாற்பத்தொரு ஆட்டம். பதினாலு நிமிஷ வீதம் கூட்டிப் பார்த்தால் ஒன்பதரை மணி நேரம். ஒரு நாள் ஆபீஸ் வேலை. அதற்குத்தான் உடைந்த ஒரு காறை எலும்பு, இரண்டு விரல், பதினொரு வருஷம். இந்த பாங்காக் தொடர் கிடைத்தால் ராஜநடையாக முடித்துக்கொள்வேன். கிடைக்காவிட்டால், முப்பது வயதில் அடுத்த முகாமுக்குக் கூப்பிடவே மாட்டார்கள். எனக்கு இது வேண்டும். யார் என்ன சொன்னாலும் வேண்டும்.

ஆகஸ்ட் 7

கட்டிப்பிடித்துச் சாய்க்கும் பயிற்சி. இசக்கியைச் சாய்க்கத் தலையைத் தவறான பக்கம் வைத்துவிட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. அவள் முட்டி என் காதுக்கு மேலே பட்டது. விழுந்தேன், எழுந்தேன், அவ்வளவுதான். இசக்கி அழுது ஊரைக் கூட்டிவிட்டாள். அவள் கத்தாமல் இருந்திருந்தால் பரூவா மேடம் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்.

மறுபடியும் மண்டை டெஸ்ட். ஆறு வார்த்தை. அடிப்படையும் ஆறு, இதுவும் ஆறு. விளையாடலாம் என்று விட்டுவிட்டார்கள். பார்த்தாயா என்று இசக்கியிடம் கண்ணடித்தேன்.

வேண்டுமென்றே ஆறோடு நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். இந்தியில் சொன்னால் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஆகஸ்ட் 8

வெயில் ரொம்ப அதிகம். தலைவலி வெயிலால்தான்.

ஆகஸ்ட் 9

அறையில் ட்யூப் லைட்டை மாற்றியிருக்கிறார்களா என்று தெரியவில்லை, கண்ணைப் பிடுங்குகிறது. அணைக்கச் சொன்னேன். "யக்கா, மத்தியானம் ரெண்டு மணி. லைட்டே போடலையே," என்கிறாள் இசக்கி. ஜன்னல் திரையையாவது இழுத்துவிட வேண்டியதுதானே? எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிசியோ நோட்டில் எட்டு, எட்டு, எட்டு.

ஆகஸ்ட் 11

காலையில் மறுபடியும் அவல். அவலை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களை நேரில் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்பேன். என் இடது சாக்ஸைக் காணோம். எவளோ எடுத்திருக்கிறாள். மணிப்பூர்ப் பெண்ணைக் கேட்டேன், முறைத்தாள். ஒற்றைச் சாக்ஸைத் திருடி என்னதான் செய்வார்களோ.

ஆகஸ்ட் 11

காலையில் அவல். இதைக் கண்டுபிடித்தவர்களைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். என் சாக்ஸில் ஒன்றைக் காணோம். எவள் எடுத்தாளோ. மணிப்பூர்ப் பெண்ணிடம் கேட்டால் எதற்கோ சண்டைக்கு வருகிறாள், முன்னமே கேட்டதுபோல.

ஆகஸ்ட் 13

அம்மா போனில் ஒரே ரகளை. "இன்னாடி, காலைல பேசினத மறந்துட்டியா? நீதானே போன் போட்ட!" நான் போடவில்லை. அம்மா பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டே பேசுவாள், மிஷின் சத்தத்தில் யாரிடம் பேசினோம் என்றே அவளுக்குத் தெரியாது. அப்படித்தான் சொன்னேன். இரண்டு பேரும் கத்தி, வைத்துவிட்டோம்.

போன் பட்டியலில் பார்த்தேன். காலை 6.40, பதினோரு நிமிஷம். நான்தான் போட்டிருக்கிறேன்.

தூக்கக் கலக்கம்.

ஆகஸ்ட் 14

இசக்கி கதவைச் சாத்திவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, மேடத்துட்ட சொல்லிருங்க."

"இன்னாத்த?"

"நேத்து ரெண்டு தடவ வாந்தி எடுத்திய. நான் பாத்தேன்."

"உருளைக்கிழங்கு. நீ வேணும்னா போய்ச் சொல்லேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. "நான் எப்படிக்கா சொல்லுவேன்? நீங்க ஆடுத எடத்துலதான் நானும் ஆடுதேன். நீங்க போனா அடுத்து நாந்தான். எடத்துக்காகச் சொல்லுதான்னு ஊரே பேசுமே."

அது வாஸ்தவம்தான். அதனால் நான் நிம்மதியாகக் குப்புறப் படுத்தேன். நிம்மதியாக என்று எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 16

பட்டியலில் என் பெயர் இருக்கிறது! எட்டாவது பெயர். பிரிஸில்லா.

இசக்கி பதின்மூன்றாவது. யாருக்காவது ஏதாவது ஆனால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் முகாமிலேயே இருக்க வேண்டியதுதான். அவள்தான் முதலில் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். தலையைத் தொடாமல் பார்த்துக் கட்டிக்கொண்டாள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "சரி, சாப்ட்டியா?" என்றாள். பதினொரு வருஷமாக இந்தப் பொம்பிளைக்கு வேறு கேள்வியே கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 18

இன்று இசக்கியோடு பெரிய சண்டை.

சாயங்காலம் வந்து பரூவா மேடம் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். "இந்திலதான ஞாபகம் இருக்கமாட்டேங்குன்னு சொன்னிய? நான் தமிழ்ல சொல்லுதேன். பத்தும் சொல்லிட்டியன்னா இனிமே வாயே தொறக்க மாட்டேன்."

சரி, தொல்லை விட்டது என்று சம்மதித்தேன். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கருப்பட்டி, சீப்பு, வாளி, தீப்பெட்டி, ஆட்டுக்குட்டி, பூட்டு, முறுக்கு, செருப்பு, குடம், ஊஞ்சல். இங்கே எழுதுவதுகூட அவள் எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்துத்தான்.

கருப்பட்டி. குடம். ஊஞ்சல். அப்புறம் வெகு நேரம் கழித்துச் செருப்பு.

நாலு. எதையும் விழுங்கவில்லை. தாய்மொழியில், உயிரைக் கொடுத்து யோசித்து நாலு.

அதற்கு நான் அவளை என்ன சொன்னேன் என்றால், "என் எடம் வேணும்னு நேரா சொல்லுடி, எதுக்கு இந்த நாடகம்?" என்றேன். அவள் சீட்டை மடித்து என் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். சாப்பிடவும் வரவில்லை. இருபது வயசுப் பெண்ணைப் பட்டினி போட்டுவிட்டேன். அவள் இடத்தில் யாராவது என்னை அப்படிச் சொல்லியிருந்தால் நாலு அறை விட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 19

காலைப் பயிற்சி ஆட்டத்தில் பந்து என் கையில் இருந்தது. எவளோ பின்னாலிருந்து "தோசை! தோசை!" என்று கத்தினாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆட்ட நேரத்தில் என்ன சாப்பாட்டுப் பேச்சு என்று திரும்பி முறைத்தேன். எல்லோரும் ஓரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். எதற்கு ஓடுகிறார்கள் என்று புரியவில்லை. நான் நின்றேன். என்னைச் சாய்த்தார்கள். ஒடிசாப் பெண் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "தீதி, துசா, துசா," என்று மெதுவாகச் சொன்னாள், குழந்தைக்குச் சொல்வதுபோல.

அப்போதும் உடனே புரியவில்லை. தண்ணீர் குடிக்கும்போதுதான் புரிந்தது. நான் வைத்த வார்த்தை. அஸ்ஸாமில் மழையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து நான்தான் வைத்தேன். அன்று யார் யார் இருந்தார்கள் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. இன்று அது எனக்கு வெறும் தோசை.

பயமாக இருக்கிறது. இந்த நோட்டில் இதுவரை அப்படி எழுதவில்லை. பயமாக இருக்கிறது.

அறைக்கு வந்து இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். பதினோராம் தேதி இரண்டு முறை இருக்கிறது. அவல், சாக்ஸ், மணிப்பூர்ப் பெண், எல்லாம் இரண்டு முறை. இரண்டையும் எழுதியது எனக்கு நினைவில்லை. கையெழுத்து என்னுடையதுதான். சாக்ஸ் என் தலையணை உறைக்குள் இருந்தது.

ஆகஸ்ட் 20

எழுதி முடித்துவிட்டுத் தூங்க வேண்டும். சுருக்கமாக.

இசக்கியை எழுப்பி நோட்டைக் கொடுத்தேன். "மேடம்கிட்டப் படிச்சுக் காட்டு. ஒரு வரி விடாம. எனக்கு வாய் வராது."

"நான் படிச்சா எடத்துக்காக..."

"எழுதினது நான்டி. நான் பக்கத்துல உக்காந்துருக்கப்போறேன். எவ இன்னா பேசுவா?"

அவளுடைய இந்தி என் இந்தியைவிட மோசம். தமிழைப் படித்து, நின்று, யோசித்து, கையைக் காலை ஆட்டிச் சொன்னாள். ஒரு வரி விடாமல் என்று நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள், அறிவுகெட்டவள். மூன்றாம் தேதிக்கு வந்ததும் மேடத்தின் முகத்தைப் பார்த்து, "ஆப்கா ஃபேஸ், மேடம், கட்டா லஸ்ஸி," என்றாள், புளித்த மோருக்கு அவளுடைய இந்தி. நான் மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். மேடம் அசையவில்லை. "ஆகே படோ," என்றார், மேலே படி என்று.

பதினோராம் தேதியை இரண்டு முறை படித்தபோது மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான். முதல் நாள் உண்மையில் எத்தனை வார்த்தை ஞாபகம் இருந்தது?

பத்து என்றேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து வந்து என் தலையில் அடிபட்ட பக்கத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தார். நான் ஓவென்று அழுதுவிட்டேன், முகாம் முழுக்கக் கேட்டிருக்கும்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. பாங்காக் இல்லை. இந்த வருஷம் எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அவருக்குத்தான் என் வயது தெரியவில்லை.

எல்லோருடைய பழைய மண்டை டெஸ்ட்டையும் மேடம் கிழித்துப் போட்டுவிட்டார். நாளை காலை கிளம்புவதற்கு முன் மறுபடியும் முதலிலிருந்து. முகாமே என்னைச் சபிக்கிறது. இசக்கி பன்னிரண்டில் சேர்ந்துவிட்டாள். பெட்டி கட்டாமல் அழுதுகொண்டிருந்தாள். "அழுவறத நிறுத்திட்டுத் துணிய மடி, விட்டுட்டா ப்ளேன் நிக்காது," என்று கத்தினேன். "நாளைக்கி டெஸ்ட்ல எதையாவது முழுங்கின, அங்க வந்து அடிப்பேன்," என்றும் கத்தினேன்.

ஆகஸ்ட் 22

அம்மா ரயிலேறி வந்துவிட்டாள், புளிச்சோற்றுத் தூக்கோடு. ஸ்டேஷனிலேயே திட்டு ஆரம்பம். சென்னை வரும் வரை ஒரு ஸ்டேஷன்கூட விடவில்லை.

ஆகஸ்ட் 24, வியாசர்பாடி

போன் பார்க்கக் கூடாது. டிவி கூடாது. ஓடக் கூடாது. எழுதுவது பத்து நிமிஷம், அதையும் அம்மா கடிகாரம் பார்த்து வாங்கி வைத்துவிடுகிறாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "போதும்மா, கை கால் நல்லா இருக்கும்போதே வந்துட்ட," என்கிறார். கை கால் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதானே பிரச்சினை.

ஆகஸ்ட் 27

இன்று பாங்காக்கில் ஆட்டம். நான் திரையைப் பார்க்கக் கூடாது என்பதால் கண்ணில் ஈரத்துணியோடு படுத்துக்கொண்டேன், அம்மா போனைப் பார்த்து வர்ணனை. எதிரிக்குக்கூட இந்தக் கதி வரக் கூடாது.

"யாருமா பந்து வச்சிருக்கா?"

"ஒரு கொண்டை போட்ட பொண்ணு."

"எல்லாருக்கும் கொண்டைதாம்மா! நம்ம ஆளா?"

"நீலச் சட்டை."

"நாமதான். அப்புறம்?"

"பின்னால போட்டுட்டா. இன்னாடி இவ, கைல இருந்தத பின்னால போடறா."

"அப்டித்தாம்மா ஆட்டமே!"

பிறகு அம்மா, "ஏய், எவளோ தோசை தோசைன்னு கத்தறாடி. அந்த ஊர்லகூட தோசை கெடைக்குதா?" என்றாள். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "ஓரத்துல யாருமா ஓடறா? சொல்லும்மா!" "உங்கூட இருந்தாளே, இசக்கி. ஓடறா, ஓடறா, கோட்டத் தாண்டி வுழுந்துட்டாடி பாவம்." பாவமா? அதுதான் பாயிண்ட்! தலை விண்ணென்று வலித்தது, சிரித்துக்கொண்டே படுத்தேன்.

இரண்டாவது பாதியில் அம்மாவின் குரல் மாறிவிட்டது. "இசக்கி கீழ கெடக்குறா." நான் துணியை எடுக்கப் போனேன், கையில் ஓர் அடி வைத்தாள். "நீ பாக்காத, நான் சொல்றேன். எழுந்துட்டா. ஒரு அம்மா ஓடியாருது, கண்ணாடி போட்டது. வெரல காட்டி இன்னாமோ கேக்குது. கூட்டினு போறாங்க. நடந்துதான் போறா, நடந்துதான் போறா." அவள் திரும்ப உள்ளே வரவில்லை. அஞ்சு பாயிண்டில் தோற்றோம்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். போனைக் காதில் வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பார்க்கத்தான் கூடாது.

"எல்லாம் ஒங்களாலதாங்க்கா!" எடுத்த உடனே சண்டை. "முழுங்காத முழுங்காதன்னு சொன்னிய. பத்துக்குப் பத்து எடுத்துத் தொலைச்சேன். இன்னைக்கு ஏழு வந்துச்சு. ஏழுக்கா! பழைய டெஸ்ட்டா இருந்தா சரியா இருந்திருக்கும், இந்நேரம் உள்ள விட்டுருப்பாவ. இப்பப் பன்னெண்டு நாளு உக்காருன்னுட்டாவ. நாளைக்கும் ஆட முடியாது. தோத்ததே என்னாலதான்."

கத்தட்டும் என்று விட்டேன். அவள் கத்துவதைக் கேட்க எனக்கு என் குரல் மாதிரியே இருந்தது. மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"தல வலிக்குதாடி?"

பிறகு மெதுவாக, "ஆமாக்கா. லைட்டு கண்ணுல குத்துது," என்றாள்.

"அணைச்சுட்டுப் படு. நோட்டுல எத்தன போட்ட?"

"இன்னும் போடல."

"எட்டு போட்ட, கொன்னுடுவேன்."

"மூணு போடட்டா?"

"மூணுதான்னா மூணு போடு."

வைக்கப்போனேன். "யக்கா, நில்லுங்க," என்றாள். "ஒங்களுக்கு எப்படி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க. கருப்பட்டியில ஆரம்பிங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். கருப்பட்டி, சீப்பு, வாளி. தீப்பெட்டி. குடம், ஊஞ்சல், செருப்பு. சீட்டு என் தலையணைக்கு அடியில்தான் இருந்தது, கையை நீட்டினால் போதும். பேச ஆரம்பித்து எட்டு நிமிஷம் ஆச்சு என்றாள் அம்மா, கடிகாரத்தைப் பார்த்து.

ஏழுதான் வருகிறது என்று இசக்கியிடம் சொன்னேன்.